செங்கணத்துக் காரிகையும் நிரல் தேர்வும்

‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்குச் செங்கணம் என்ற ஊர்ப்பெயர் நினைவிருக்கும். பெரம்பலூருக்கு அருகில் உள்ள சிற்றூர். உ.வே.சாமிநாதையர் தம் இளமையில் யாப்பருங்கலக்காரிகையைப் பாடம் கேட்டது அங்கேதான். இன்று அவ்வட்டாரத்தில் வயல்களுக்கு நடுவே பொறியியல் கல்லூரிகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் இறுதியாண்டு மாணவர்கள், வேலைக்கு ஆளெடுக்கும் பருவம் வந்ததும், கணிப்பொறி ஆய்வகத்தில் வரிசையாக அமர்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரண்டோ மூன்றோ நிரல்களை எழுதி முடிக்க வேண்டும். ‘கோடிங் ரவுண்டு’ என்பது அவர்களிடையே வழங்கும் பெயர். அதில் தேறியவர்களே நிறுவனத்தைச் சேர்ந்த மனிதர் ஒருவரின் முகத்தைக் காண்பர். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு மறுமொழியும் வருவதில்லை.

காரிகைப் பாடத்துக்கும் கோடிங் ரவுண்டுக்கும் என்ன உறவு என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். இடம் ஒன்று என்பதைத் தவிர வேறொரு தொடர்பும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. விதிகளுக்குட்பட்டு ஒன்றை அங்கேயே இயற்றிக் காட்டச் சொல்லி, அதைக் கொண்டு ஒருவரை ஏற்பதும் விலக்குவதும் தமிழ்க் கல்வி நெடுங்காலம் அறிந்த வழக்கம். அவ்வழக்கத்தில் தேறி வந்தவர்களுள் நாம் நன்கறிந்தவர் ஐயர். ‘தெரியாது’ என்று ஒருவர் சொல்லும்போது எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு விடை உண்டு.

* * *

ஐயரின் தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். இராமாயணம் முதலிய கதைகளைப் பாட்டோடு சொல்லி, ஊரார் அளிக்கும் நெல்லையும் பொருளையும் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். எந்த ஊரில் ஆதரவு கிடைத்ததோ அந்த ஊருக்குக் குடும்பம் பெயர்ந்தது. இப்படித்தான் ஐயரின் இளமை இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் ஊர்களில் கழிந்தது. அரியிலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர்களும் ஊருக்கு ஊர் மாறினர். (அரியலூரை அக்காலத்தார் ‘அரியிலூர்’ என்றே எழுதினர். நாமும் ஐயரைப் பேசும்போது அதையே கையாள்கிறோம்.)

இந்த ஆசிரியர் வரிசையில் நம்மை ஈர்ப்பது ஒரு செய்தி. எவரும் பள்ளி வைத்து நடத்திய பேராசிரியர் அல்லர். நிலமும் புலமையும் ஒருங்கே உடையவர்கள், இசையறிவுடையவர்கள், தமக்குத் தெரிந்த நூல் ஒன்றிரண்டைச் சொல்லிக் கொடுக்கும் மனமுடையவர்கள். ஒருவரிடம் உள்ளது தீர்ந்ததும் அடுத்தவரைத் தேடிப் போக வேண்டும். மூன்று வேளை உணவுக்கு ஊரார் தயவை நோக்கியிருந்த ஒரு குடும்பம், மகனுக்கு அடுத்த நூலைச் சொல்லித்தர ஆள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே வண்டி கட்டியது. 1940 முதல் ஆனந்த விகடனில் இவற்றை எழுதியபோது ஐயருக்கு வயது 85. அப்போதும் அந்த ஊர்களையும் ஆசிரியர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்.

விருத்தாசல ரெட்டியார் யாப்பில் வல்லவர். அவரிடம் ஐயர் காரிகை கேட்டார். அந்நூல் கட்டளைக் கலித்துறையால் இயன்றது. அடிதோறும் ஐந்து சீர். முதல் நான்கு சீர்களும் வெண்டளை பிழையாமல் செல்ல வேண்டும். ஐந்தாம் சீர் விளங்காயில் முடிய வேண்டும். அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. பாட்டின் ஈறு ஏகாரம். இலக்கணமே இலக்கியமாக நிற்கிறது. விதியைக் கூறும் செய்யுளே விதிக்கு எடுத்துக்காட்டு. நிரலாளர்கள் இதைக் கேட்டால் முகம் மலர்வார்கள். தன்னைத் தானே விளக்கும் இத்தகைய அமைப்பின்மீது அவர்களுக்குத் தனிக் காதல் உண்டு.

ஒரு செய்யுள் தளை தட்டுகிறதா என்பதை இன்று கணினியே சொல்லிவிடும். ‘அவலோகிதம்’ என்ற மென்பொருளில் செய்யுளை இட்டால் அசை பிரித்து, சீரும் தளையும் கண்டு, பாவகையையும் சொல்கிறது. வகுப்பில் அலகிட்டுக் காட்டி அலுத்த ஆசிரியர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அம்மென்பொருளை இயற்றியவர் உட்பட எவரும் அதைக் கொண்டு ஒருவர் புலவரா என்று முடிவு செய்யப் போவதில்லை. தளை தட்டாத வெற்றுச் செய்யுள்கள் 19-ஆம் நூற்றாண்டில் எத்தனை ஆயிரம் பிறந்தன என்பதைத் தமிழ் படித்தவர் அறிவர்.

* * *

செங்கணத்தில் காரிகை முடிந்தபின் ஐயர் சென்று சேர்ந்த இடம் மாயூரம். சேர்ந்தது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். அந்த முதல் சந்திப்பு ஒரு நேர்காணல் என்றே சொல்லத்தக்கது. யார் யாரிடம் என்னென்ன நூல்கள் கேட்டிருக்கிறாய் என்று பிள்ளை விசாரித்தார். நைடதத்திலிருந்து ஒரு செய்யுளைச் சொல்லிப் பொருள் கூறச் சொன்னார். உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பாடம் கேட்கப் பலர் வருகிறார்கள், சில காலம் இருக்கிறார்கள், பிறகு நடுவிலேயே போய்விடுகிறார்கள் என்ற தம் மனக்குறையை அவர் சொன்னார். செய்யுளுக்குப் பொருள் தெரிகிறதா என்ற கேள்விக்குப் பின்னால், இவன் நிலைத்திருப்பானா என்ற கேள்வியும் இருந்தது. முதற்கேள்விக்கு ஒரு செய்யுளில் விடை கிடைக்கும். இரண்டாவதற்கு நாட்கள் வேண்டும். பிள்ளை அந்த நாட்களைக் கொடுத்தார்.

அடுத்த தேர்வு 1880-இல். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவால் ஓய்வுபெற விரும்பினார். பிள்ளையின் மாணவர்களுள் மூத்தவர் அவர். தம் இடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்தார். கல்லூரித் தலைவர் கோபாலராவ். ஐயருக்கு ஆங்கிலம் தெரியாது, பட்டம் இல்லை, எந்தப் பல்கலைக்கழகத் தேர்விலும் அவர் அமர்ந்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி 23 ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எனவே அக்கல்லூரி ஆசிரியர்கள் அவரை எதிரில் இருத்தித் தாங்களே ஆராய்ந்தார்கள். நூல்களிலிருந்து செய்யுள் சொல்லச் சொன்னார்கள், பொருள் கேட்டார்கள், அங்கேயே ஒரு செய்யுள் இயற்றிக் காட்டவும் சொன்னார்கள். செங்கணத்தில் கற்ற காரிகை அன்று கை கொடுத்தது. மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

கேட்டவர்கள் ஆங்கிலமும் வடமொழியும் கற்ற ஆசிரியர்கள். பாட்டு பிறக்கும்போது பக்கத்தில் இருந்தார்கள். எங்கே தயங்குகிறார், எங்கே விரைகிறார், குரல் எப்படி எழுகிறது என்பதையெல்லாம் பார்த்தார்கள். ஐயர் இசை தெரிந்தவர் என்பதும் அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். விடைத்தாளில் ஏறாதவை இவை.

அந்த அறையை நாம் பொற்காலமாக்கிக் காட்ட விரும்பவில்லை. அங்கே செல்வதற்கு முதலில் செட்டியாரின் சொல் வேண்டியிருந்தது. அச்சொல்லைப் பெறப் பிள்ளையின் மாணவராக இருந்திருக்க வேண்டும். அவரிடம் சேர்வதற்கு ஊர் ஊராகக் கொண்டு சென்ற ஒரு தந்தை வேண்டும். அதே காலத்தில் குன்னத்திலும் அரியிலூரிலும் வாழ்ந்த பெண் மக்களுள் ஒருவரோ, சேரியில் பிறந்த சிறுவர்களுள் ஒருவரோ அந்த அறையின் வாயிலைக்கூடக் கண்டிருக்க முடியாது. சங்கப்பலகை தகுதியுடையார்க்கு மட்டும் இடம் தந்தது என்று புராணம் சொல்கிறது. பலகைவரை வந்து சேர வழியில்லாதவர்களைப் பற்றிப் புராணம் பேசவில்லை. இயந்திரத்தால் நடத்தும் தேர்வுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான நியாயம் இங்கே இருக்கிறது. அதற்கு ஊரும் பேரும் சாதியும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

* * *

நிரலாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வின் வரலாறு ஒரு பற்றாக்குறையில் தொடங்குகிறது. 1950-களில் அமெரிக்காவில் கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தபோது அவற்றுக்கு நிரல் எழுதுவோர் இல்லை. அத்தொழில் எவருக்கு வரும் என்பதும் எவருக்கும் தெரியவில்லை. கணக்குப் படித்தவர்க்கா, சதுரங்கம் ஆடுவோர்க்கா, இசை தெரிந்தவர்க்கா என்று பலவாறு ஊகித்தார்கள். 1955-இல் ஐபிஎம் நிறுவனத்தின் உளவியலாளர்கள் ‘புரோகிராமர் ஆப்டிட்யூட் டெஸ்ட்’ என்ற ஒன்றை வகுத்தார்கள். எண் வரிசையில் அடுத்த எண் எது, இந்த உருவத்துக்கு ஒப்பான உருவம் எது, இந்தக் கணக்குக்கு விடை எது என்ற மூவகை வினாக்கள். அதில் நிரல் எழுதும் வேலை ஒரு வரிகூடக் கிடையாது. 1960-களில் அமெரிக்காவின் பெருநிறுவனங்கள் பலவும் இதையோ இதன் வழித்தோன்றல்களையோ கையாண்டன. நம்மூர் மாணவர்கள் இன்றும் ‘ஆப்டி’ என்று செல்லமாக அழைத்து அஞ்சும் முதற்சுற்று அதன் பேரப்பிள்ளை.

அத்தேர்வில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு வேலையில் காட்டிய திறமைக்கும் வலுவான உறவு காணப்படவில்லை என்பது விரைவிலேயே பேசப்பட்டது. ஆயினும் தேர்வு நின்றது. வந்து குவியும் விண்ணப்பங்களை எப்படியாவது குறைக்க வேண்டும் என்ற தேவை, சரியானவரைக் கண்டெடுக்க வேண்டும் என்ற தேவையைவிடப் பெரிதாக இருந்தது. 1966-இல் கானன், பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் 1,378 நிரலாளரை ஆராய்ந்து, புதிர்களில் நாட்டமும் பிறர் உறவில் ஆர்வமின்மையும் இத்தொழிலோரின் இயல்பு என்றனர். அந்த 1,378 பேரில் பெண்கள் 186 பேர். முதல் மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்றான எனியாக்கை 1940-களில் இயக்கிய நிரலாளர் அறுவரும் பெண்கள். இருபது ஆண்டுகளுக்குள் தொழிலின் முகம் மாறிப்போனதில், ஆளைத் தேர்ந்த முறைக்கும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

நிரலையே எழுதச் சொல்லும் தேர்வு பரவியது பின்னாளில். கரும்பலகையின் முன்னால் நிறுத்தி எழுதச் சொல்வது அமெரிக்க மென்பொருள் நிறுவனங்களில் வழக்கமாயிற்று. 2007-இல் இம்ரான் கோரி என்பவர் ‘ஃபிஸ்பஸ்’ என்ற எளிய கணக்கைப் பற்றி எழுதினார். 1 முதல் 100 வரை எண்களை அச்சிட வேண்டும். 3-ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதில் ஒரு சொல், 5-ஆல் வகுபடுவதற்கு மற்றொரு சொல், இரண்டாலும் வகுபட்டால் இரண்டு சொற்களும். பிள்ளைகள் விளையாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. பட்டம் பெற்று வருவோரில் பலர் இதைக்கூட எழுதத் திணறுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. அது உலகெங்கும் பேசப்பட்டது. அப்படியானால் நேர்காணலுக்கு முன்பே வடிகட்டினால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடையாக வந்த நிறுவனங்களுள் மிகப் பெயர்பெற்ற ஒன்றை உருவாக்கியவர்கள் திருச்சியில் படித்தவர்கள். பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தின் பகுதிதான். துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் இவ்வட்டாரத்து மாணவர்களின் கனவுக் கல்லூரி. அங்கே படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் 2009-இல் ‘இன்டர்வியூஸ்ட்ரீட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அது 2012-இல் ‘ஹேக்கர்ரேங்க்’ என்ற தளத்தைக் கொண்டுவந்து, பின்னர் அப்பெயராலேயே வழங்கலாயிற்று. முதலில் அவர்கள் செய்ய நினைத்தது வேறு. தொழிலில் இருப்பவர்களைக் கொண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்தி, குறை நிறை சொல்லிப் பழக்குவது. அது வணிகமாக நிலைக்கவில்லை. மாணவரைப் பழக்குவதைவிட நிறுவனத்துக்காக வடிகட்டிக் கொடுப்பதில் பொருள் இருந்தது. நாம் குறை கூறவில்லை. எந்தத் தொழிலும் பணம் உள்ள திசையில்தான் நடக்கும். ஆனால் மனிதர் எதிரே அமர்ந்து பேசும் நேர்காணலாகத் தொடங்கி மனிதர் இல்லாத தேர்வாக அது முடிந்ததை, இத்தேர்வின் வரலாற்றை எழுதுவோர் கடந்து போக முடியாது.

இயந்திரம் திருத்தும் முறை எளிது. மாணவர் எழுதிய நிரலை அது இயக்குகிறது. மறைத்து வைத்த சில உள்ளீடுகளைக் கொடுக்கிறது. வெளிவரும் விடை தன்னிடம் உள்ள விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறது. குறித்த நொடிகளுக்குள் முடிந்ததா என்றும் பார்க்கிறது. பத்தில் எட்டு ஒத்திருந்தால் எட்டுக்கு மதிப்பெண் தரும் தேர்வுகளும் உண்டு, தராதவையும் உண்டு. சரியான வழியைக் கண்டு, கடைசியில் சுழியம் என்ற உள்ளீட்டை மறந்தவரும், ஒன்றுமே விளங்காமல் விழித்தவரும் இயந்திரத்தின் கணக்கில் அக்கம்பக்கத்தினர். நன்னூலார் கடை மாணாக்கருக்குச் சொன்ன உவமைகளுள் ஒன்று நெய்யரி. நெய்யை ஒழுக விட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி. மாணாக்கருக்குச் சொன்ன உவமையைத் தேர்வுக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

2017-இல் ‘ஆஸ்பயரிங் மைண்ட்ஸ்’ என்ற நிறுவனம், இந்தியாவின் 500-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் 36,000-க்கு மேற்பட்ட மாணவர்களைத் தன் இயந்திரத் தேர்வால் சோதித்து, சரியான தருக்கத்துடன் நிரல் எழுதியவர் 4.77 விழுக்காட்டினரே என்று அறிவித்தது. நாளேடுகள் 95 விழுக்காட்டினர் தகுதியற்றவர் என்று தலைப்பிட்டன. மென்பொருள் துறையில் மூத்தவர் சிலர் இதை ஏற்கவில்லை. அளந்தவர்களே அளவுகோலை விற்பவர்களாகவும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அதே சமயம், கல்லூரி வகுப்பறைகளின் நிலையை அறிந்த எவரும் அந்த எண்ணை முழுக்க ஒதுக்கிவிடவும் மாட்டார். கரும்பலகையில் எழுதிய நிரலைக் குறிப்பேட்டில் பெயர்த்தெழுதி, அதையே பரீட்சையில் ஒப்பித்து, நான்காண்டைக் கடக்கும் மாணவர் பலர். செய்யுளை நெட்டுருப் போட்டுத் தமிழ் முதுகலை முடிப்பவர்களைப் பார்த்த நமக்கு இது புதிதன்று.

* * *

இனி நம் வட்டாரம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களுள் மக்கள்தொகையில் மிகச் சிறியது பெரம்பலூர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி மண். அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்தது. 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று அரியலூரில் உண்டு; தனியார் கல்லூரிகள் இரு மாவட்டங்களிலும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் மாணவர்களே மிகுதி.

இம்மாணவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. 1984 முதல் நடந்துவந்த அத்தேர்வு நகரத்தார்க்கும் தனிப்பயிற்சிக்குப் பணம் உள்ளவர்க்கும் சாதகமாக இருக்கிறது என்று சொல்லி, சட்டம் இயற்றி, 2007-08 கல்வியாண்டு முதல் கைவிட்டார்கள். அந்த முடிவு சரியென்றே நாம் கருதுகிறோம். ஆனால் கல்லூரி வாயிலில் எடுத்த சல்லடையை, நான்காண்டு கழித்து வெளிவாயிலில் வேறொருவர் கொண்டுவந்து வைத்துவிட்டார். இதற்குச் சட்டமன்றம் இல்லை, தீர்மானம் இல்லை. வினாவை எவர் எழுதினார், ஏன் விலக்கினார் என்று கேட்கவும் இடமில்லை.

தேர்வு என்ற சொல் இப்பகுதியில் எளிதாக ஒலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரியலூர் மாவட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 எடுத்தவர். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மருத்துவ இடம் கிடைக்காத நிலையில், 2017 செப்டம்பர் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவக் கல்விக்கும் மென்பொருள் வேலைக்கும் உள்ள தொலைவு பெரிது. இரண்டையும் ஒன்றாக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும் இங்கே ஒரு மாணவி தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும்போது, பெற்றோர் மனத்தில் என்ன ஓடும் என்பதை அறிய வெளியூரார்க்கு இச்செய்தி தேவை.

கோடிங் ரவுண்டில் இம்மாணவர்களைத் தடுப்பது பல வேளைகளில் நிரல் அன்று, வினாவின் மொழி. ஆலிஸும் பாபும் கற்குவியலை வைத்து விளையாடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கதை நீளும். கதையின் அடியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும். ‘ஏறுவரிசை’ என்பதற்கும் ‘இறங்காத வரிசை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழில் சொன்னால் நொடியில் விளங்கும்: இரண்டாவதில் ஒரே எண் அடுத்தடுத்து வரலாம். ஆங்கிலத்தில் ‘நான்-டிக்ரீசிங்’ என்று நிற்கும்போது, மாணவர் அதை ஏறுவரிசை என்றே படித்துவிடுகிறார். நிரலும் அதற்கேற்பச் சரியாக எழுதுகிறார். மறைத்து வைத்த உள்ளீட்டில் ஏழுக்குப் பின் இன்னோர் ஏழு வருகிறது, முடிந்தது கதை. எதிரே ஒருவர் இருந்தால், “ஏழு இரண்டு முறை வந்தால்?” என்று கேட்டிருப்பார். அரை நிமிடத்தில் திருத்திக்கொள்ளும் பிழை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். பெருநிறுவனங்கள் முன்பு சில கல்லூரிகளைத் தேர்ந்து அவற்றுக்கு மட்டுமே ஆளெடுக்கச் சென்றன; பெரம்பலூர்ப் பக்கம் வராத பேருந்துகள் அவை. டாடா கன்சல்டன்சி நிறுவனம் 2018-இல் இணையவழித் தகுதித் தேர்வைக் கொண்டுவந்தபின், எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்க வழி பிறந்தது. அவ்வழியே சென்று வேலை பெற்றவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தமிழகத்திலேயே வேறு வழியைக் கண்டவர்களும் உண்டு. ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ நிறுவனம் 2000-களின் நடுவில், பட்டம் இல்லாத இளைஞர்களைப் பள்ளி முடித்ததும் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து, வேலைக்கு எடுக்கும் பள்ளியைத் தொடங்கியது. அங்கும் நுழைவுத்தேர்வு உண்டு. ஆனால் அதில் தேறியவருக்குப் பின்னே மாதக்கணக்கில் பாடமும் ஆசிரியரும் இருக்கிறார்கள். மாயூரத்தில் பிள்ளை கொடுத்த நாட்களுக்கு ஒப்பானது அது.

* * *

ஐயரிடம் திரும்புவோம். 1880-இல் கும்பகோணத்தில் அவர் தேறிய தேர்வு, அவரிடம் இருந்ததை அளந்தது: அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம், யாப்பு. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு நேர்காணல் நிகழ்ந்தது. சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்தார். ஐயர் அவரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் கற்ற நூல்களை வரிசையாகச் சொன்னார். கல்லூரியைக் கவர்ந்த அந்தப் பட்டியல் முதலியாரை அசைக்கவில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவகசிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் பெயர் சொல்லிக் கேட்டார். தமிழ்நாட்டின் மிகப் பெரிய புலவரிடம் பயின்ற கல்லூரி ஆசிரியர், அவற்றைத் தாம் படித்ததில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

தேர்வு என்று கொண்டால் அது தோல்வி. அக்கணத்தில் கதவைச் சாத்தும் உரிமையும் முதலியாருக்கு இருந்தது. அவரோ சிந்தாமணிப் பிரதியை ஐயர் கையில் கொடுத்து, படித்துப் பாடம் சொல்லுமாறு கேட்டார். தெரியாத நூலை இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். சமண நூலாகிய அதன் மரபுச் சொற்கள் விளங்காமல், ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சாகி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல்.

பெப்ருவரியில் கேட்ட கேள்விகளில் ஐயர் தேறாமல் போயிருந்தால் அக்டோபர் வந்திருக்காது, அதையும் மறுப்பதற்கில்லை. முதல் சல்லடை வேண்டும் என்பவர் இதைத் தம் பக்கத்துச் சான்றாகக் காட்டலாம்.

2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இத்தேர்வுகளின் நிலையே ஆட்டங்கண்டுள்ளது. வினாவைக் கொடுத்தால் நொடியில் நிரலை எழுதித் தரும் கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. மாணவரின் முகத்தைக் கேமராவால் கண்காணிப்பது, வேறு சாளரம் திறந்தால் தேர்வை நிறுத்துவது என்று காவல் கூடிக்கொண்டே போகிறது. கூகிள் நிறுவனத் தலைவர் சுந்தர் பிச்சை, ஒரு சுற்றேனும் நேரில் நடத்தும் முறைக்குத் திரும்புவதாக 2025-இல் சொன்னார். எதிரெதிரே அமர்ந்து, எழுதும்போதே பார்த்து, இடையில் கேட்கும் அந்தப் பழைய அறைக்குத் தொழில் மெல்லத் திரும்புகிறது போலும்.

அந்த அறை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். பெரம்பலூர் நகருக்கு இரயில் நிலையம் கிடையாது. மாணவர் இரவுப் பேருந்தில் புறப்பட வேண்டும். அல்லது அரியலூருக்கு வந்து இரயில் பிடிக்க வேண்டும். பெண் பிள்ளையென்றால் உடன் ஒருவர் செல்ல வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலி போகும். போக்குவரத்துச் செலவை எந்த நிறுவனம் தரும் என்று மாணவர்கள் இப்போதே ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.